எல்லாத்துக்கும் பொய் சொல்லுற பிள்ளையை என்னெண்டு திருத்திறது?

கேள்வி, 03.09.2024, இரவு 8.50

என்ர மகனுக்கு 9 வயசு. எதுக்கெடுத்தாலும் பொய். பல்லு மினுக்கினியோ எண்டா ஓம் எண்டுறான், பிறஸ் காஞ்சு கிடக்கு. கொப்பியைக் காணேல்லை எண்டுறான், மெத்தைக்குக் கீழ கிடக்கு. போன கிழமை 100 ரூவாயைக் காணேல்லை, தங்கச்சிதான் எடுத்தவள் எண்டு மூண்டு வயசுப் பிள்ளையைக் கை காட்டிறான். அடிச்சும் பாத்தாச்சு, அம்மன் கோயில்ல நூல் கட்டியும் பாத்தாச்சு. இவர் கத்தார்ல வேலை, நான் ரெண்டு பிள்ளையளோட தனிய. பெரிசாகிக் கள்ளனாப் போயிடுவானோ எண்டு இரவில நித்திரை இல்லை. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ. "சின்னப்பிள்ளை தானே" எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, அதைச் சொந்தக்காரர் காணுமெண்ட அளவு சொல்லீட்டினம்.

03.09.2024, இரவு 11.20

தங்கச்சி, கடை பூட்டி வந்து இப்பத்தான் வாசிச்சனான். யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிப் பக்கம் சின்னதா ஒரு ஃபொட்டோகொப்பிக் கடை வைச்சிருக்கிறன். மகனுக்கு 13, மகளுக்கு 10. நீங்கள் எழுதின ஒவ்வொண்டும் எங்கட வீட்டில நடந்ததுதான். எங்கட ஆள் கொப்பியை அரிசி வாளிக்குள்ள தாட்டு வைச்சவன்.

நித்திரை வருது, ஒண்டை மட்டும் சொல்லீட்டுப் படுக்கிறன். பிறஸ் காஞ்சு கிடக்கிறதைக் கண்ட பிறகு "மினுக்கினியோ" எண்டு ஏன் கேக்கிறியள்? விடை உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் எண்டு அவனுக்கும் பாதி தெரியும். அந்த இடத்தில அவனுக்கு ரெண்டு வழிதான், ஒண்டு இப்பவே பேச்சு வாங்கிறது, மற்றது ஓம் எண்டு சொல்லி அரை மணித்தியாலம் தப்பிறது. "பிறஸ் காஞ்சு கிடக்கு, போய் மினுக்கீட்டு வா ராசா" எண்டு சொல்லிப் பாருங்கோ. அதில பொய் சொல்ல இடமே இல்லை. இதை விளங்க எனக்கு நாலு வருசம் எடுத்தது. மிச்சம் நாளைக்கு.

04.09.2024, காலை 6.10

ராத்திரி ஒரு தம்பி எழுதியிருக்கிறார், "பூவரசந்தடியால ரெண்டு இழுத்தாச் சரி, நாங்களும் அப்பிடித்தானே வளந்தனாங்கள்" எண்டு. தம்பி, நானும் அப்பிடி நினைச்சுத்தான் செய்தனான். பொய் நிக்கேல்லை, பொய்யின்ர தரம்தான் கூடினது. 8 வயசில நிலத்தைப் பாத்துக்கொண்டு "எனக்குத் தெரியாது" எண்டவன் 9 வயசில என்ர கண்ணைப் பாத்துச் சொல்லப் பழகீட்டான், ஆர் ஆரோட நிண்டது, எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது, அண்டைக்கு மழை பெய்ததோ இல்லையோ, எல்லாத்தையும் வழியில வரேக்கையே அடுக்கி வைச்சிடுவான். அடிக்குப் பயந்த பிள்ளை செய்யிறதை விடேல்லை, பிடிபடுறதைத்தான் விட்டது.

பிறகு ஒரு ஆய்வை வாசிச்சு நெஞ்சு கனத்துப்போச்சு. மேற்கு ஆபிரிக்காவில ரெண்டு பள்ளிக்கூடம், ஒண்டில சின்னப் பிழைக்கும் தடியடி, மற்றதில பேச்சும் தனிய இருத்திறதும் மட்டும். விக்ரோரியா ரல்வார், காங் லீ எண்ட ரெண்டு பேர் 3, 4 வயசுப் பிள்ளையள் 84 பேரை வைச்சுப் பாத்து 2011ல எழுதினவை. பிள்ளைக்குப் பின்னால ஒரு விளையாட்டுச் சாமானை வைச்சு, திரும்பிப் பாக்கக் கூடாது எண்டு சொல்லிப்போட்டு ஆள் வெளியால போறது. பிள்ளையள் எங்கயும் பிள்ளையள்தானே, ரெண்டு இடத்திலயும் கனபேர் திரும்பிப் பாத்திட்டினம். பாத்தியோ எண்டு கேட்டா, அடி விழுற பள்ளிக்கூடத்துப் பிள்ளையள்தான் கூடப் பொய் சொன்னவை, சொன்ன பொய்யைக் குழம்பாமக் கொண்டுபோகவும் அவைக்குத்தான் நல்லாத் தெரிஞ்சது. மூண்டு, நாலு வயசில!

எங்கட நாட்டுப் பள்ளிக்கூடங்களில அடிக்கக் கூடாதெண்டு கல்வி அமைச்சு 2016ல 12ஆம் இலக்கச் சுற்றுநிருபம் விட்டது. வீட்டுக்குச் சுற்றுநிருபம் விட ஆளில்லை. அதை நாங்கள்தான் விடவேணும்.

04.09.2024, பிற்பகல் 1.30

கடையில சனம் இல்லை, ஒரு திருத்தம். நாலு வருசம் எண்டு எழுதினதை மனிசி வாசிச்சிட்டு, "அவன் மூண்டு வயசில கிணத்துக்குள்ள முதலை நிக்குதெண்டு சொன்னதை மறந்திட்டியளோ" எண்டு கேக்கிறா. மறக்கேல்லை. அண்டைக்கு அம்மா கப்பிக்கயிறைப் பிடிச்சுக்கொண்டு எட்டியெட்டிப் பாத்தவ.

ஆனா அது புழுகு, பொய்யெண்டு சொல்லமாட்டன். எங்கட பேச்சில இதுக்கு வேற வேற சொல்லு இருக்கிறது சும்மா இல்லை. புழுகு எண்டுறது பிள்ளை தானும் ரசிச்சு உங்களையும் ரசிக்கக் கூப்பிடுறது. அளாப்புறது எண்டுறது கிளித்தட்டில தொட்டாலும் தொடேல்லை எண்டு நிக்கிறது, அதைக் கூட விளையாடுற பிள்ளையளே பாத்துக்கொள்ளும், ரெண்டு நாள் விளையாட்டுக்குச் சேக்காம விட்டாத் தானா நேராகும். சுத்துமாத்து எண்டுறதுதான் நீங்கள் கேக்கிற விசயம், வேலைக்குக் கள்ளம், காசுக்குக் கள்ளம், அடிக்குப் பயந்து கள்ளம். மூண்டுக்கும் ஒரே மருந்து குடுத்தா மூண்டும் கெட்டுப்போம்.

நான் மேல சொன்ன காங் லீ கன வருசமா இந்த எட்டிப்பாக்கிற விளையாட்டை வைச்சே ஆராயிறவர். எட்டிப் பாத்த பிள்ளையளில 2 வயசில 30 வீதம், 3 வயசில 50 வீதம், 4 வயசு தாண்டினா 80 வீதத்துக்கு மேல "பாக்கேல்லை" எண்டுதான் சொல்லுதுகளாம். என்ர தலைக்குள்ள இருக்கிறது அம்மான்ர தலைக்குள்ள இல்லை எண்டு பிள்ளைக்கு விளங்கத் தொடங்கிற வயசு அது. மூளை வளருது எண்டதுக்கு அது அடையாளம். டார்வின் கூட 1877ல தன்ர மகனைப் பற்றி எழுதேக்க சொல்லுறார், ரெண்டரை வயசு தாண்டின பெடியன் அறைக்குள்ளயிருந்து வெளியால வாறான், சட்டைக்கு மேல போட்டிருந்த துணியைக் கவனமாச் சுருட்டிப் பிடிச்சபடி, விரிச்சுப் பாத்தா ஊறுகாய்த் தண்ணி. அந்தப் பிள்ளையை நல்ல மனசைத் தொட்டுத்தான் வளத்தது, கெதியில உண்மையான பிள்ளையா வந்திட்டான் எண்டும் எழுதியிருக்கிறார்.

"சின்னப்பிள்ளை தானே எண்டு சொல்லாதேங்கோ" எண்டு கேட்டனீங்கள். அதைச் சொல்லேல்லை. 9 வயசுக்குப் பாக்கவேணும்தான். கள்ளனாப் போயிடுவான் எண்டு பயந்துகொண்டு பாக்காதேங்கோ, அவ்வளவுதான்.

07.09.2024, இரவு 10.05

நூல் கட்டினது எண்டு எழுதினனீங்கள், அது என்ர மனசில கிடந்து குத்துது. எழுதினா ஆறும்.

2020 கொரோனா நேரம் சூம் வகுப்பு. என்ர போனைக் குடுத்திட்டுக் கடை வாசல்ல அரைக் கதவோட நிப்பன், இவன் கமராவை நிப்பாட்டிப்போட்டு ஃப்ரீ ஃபயர் விளையாடுறது. ரீச்சர் எடுத்துச் சொல்லித்தான் தெரியும். இல்லவே இல்லை எண்டு நிண்டான். அம்மாக்கு, அதுதான் அவன்ர அப்பம்மாக்கு, கோவம் வந்திட்டுது. சாமியறையில கற்பூரத்தைக் கொளுத்தி, "அணைச்சுச் சத்தியம் பண்ணு, அம்மாவாணை எண்டு சொல்லு" எண்டா. 9 வயசுப் பிள்ளை. சின்னக் கையால நெருப்பை அணைச்சு, "அம்மாணை நான் விளையாடேல்லை" எண்டிட்டான். அம்மாக்கு முகம் செத்துப்போச்சு, பொய் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் எழும்பி வெளியால போட்டன்.

அண்டைக்கு இரவு ரெண்டு மணிக்கு எழும்பினா ஆளைப் பாயில காணேல்லை. எங்கட அறை வாசல்ல நிலத்தில இருக்கிறான், தாய் மூச்சு விடுறாவோ எண்டு பாத்துக்கொண்டு. அடுத்த நாளும் அப்பிடித்தான். மூண்டாம் நாள் காய்ச்சல். தன்ர பொய்யால அம்மா சாகப்போறா எண்டு அந்தப் பிள்ளை மூண்டு நாள் தனியச் சுமந்திருக்குது, எங்களிட்டச் சொல்லவும் ஏலாது, சொன்னா முதல் பொய்யும் வெளிக்கும், சத்தியத்தைப் பொய்யாப் பண்ணினதும் வெளிக்கும். உண்மையை எடுக்கவெண்டு செய்த வேலை அவனைப் பொய்க்குள்ள வைச்சுப் பூட்டினதுதான் மிச்சம். எங்கட அம்மா கெட்டவ இல்லை, அவவின்ர அம்மா அவவுக்குச் செய்ததைச் செய்தா. இப்ப எங்கட வீட்டில ஆணையும் இல்லை கற்பூரச் சத்தியமும் இல்லை. பூசைக்கு மட்டும் கற்பூரம்.

08.09.2024, காலை 5.50

ஒரு அக்கா கேட்டிருக்கிறா, அப்ப வாக்குறுதி வாங்கிறதும் பிழையோ எண்டு. இல்லை அக்கா. நடந்து முடிஞ்ச பிறகு சத்தியம் கேக்கிறதும், கதைக்கத் தொடங்க முதல் "எனக்கு உண்மையைச் சொல்லுவியோ" எண்டு கேட்டு ஓம் எண்ட பிறகு கதைக்கிறதும் ஒண்டில்லை. முன்னுக்கு வாக்குக் குடுத்த பிள்ளையள் கூட உண்மை சொல்லுதுகள் எண்டு ஆய்வுகளிலயும் கண்டிருக்கினம். ஆனா ஓம் எண்டு சொன்ன பிறகு உண்மை வந்தா, அதுக்கு நீங்கள் வெடிக்கக் கூடாது. அந்தப் பக்கத்து வாக்கு உங்கட.

12.09.2024, இரவு 11.40

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு ரெண்டு நாளா யோசிச்சனான்.

2022 பங்குனிக் கடைசி ஞாபகம் இருக்கும், 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளுகள். டீசல் இல்லை, ஜெனரேற்றர் இல்லை. என்ர மெசின் ஓடாது, கடை வருமானம் விழுந்துபோச்சு, பெற்றோலுக்கு லைன்ல நிண்டு நிண்டு எனக்கு உடம்பெல்லாம் கோவம். மகனுக்கு 11 வயசு. 7 மணிக்கு வரவேண்டியவன் ஒரு நாள் ஆறரைக்கே வந்திட்டான், சேட்டெல்லாம் புழுதி. "ரியூசன்ல கரண்ட் இல்லை, அஞ்சு மணிக்கே விட்டிட்டினம், வாசிகசாலையடியில பந்தடிச்சிட்டு வாறன்" எண்டான்.

கரண்ட் கட்டைச் சாட்டி அந்த மாசம் மட்டும் மூண்டு தரம் பொய் சொன்னவன். நான் கேக்கேல்லை, விசாரிக்கேல்லை, போன் எடுத்துப் பாக்க அதிலயும் சார்ஜ் இல்லை. கிளுவந்தடி முறியிற வரை அடிச்சன். அழுதபடி சொல்லிக்கொண்டே இருந்தான், "சத்தியமா அப்பா, சேரிட்டக் கேளுங்கோ" எண்டு.

அடுத்த நாள் காலமை இன்னொரு பெடியன்ர தகப்பன் கடைக்கு வந்தவர், "நேற்று இவங்களை அஞ்சு மணிக்கே விட்டிட்டாங்கள், இருட்டில எப்பிடிப் படிக்கிறது" எண்டு தன்ர பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு நிக்கிறார். என்ர காதுக்குள்ள ஒண்டும் விழேல்லை அதுக்குப் பிறகு.

கடையை அப்பிடியே பூட்டிப்போட்டு வீட்டை போனன். அவன் கிணத்தடியில நிண்டவன், என்னைக் கண்டதும் தோளை ஒடுக்கினான். "நேற்று நீ சொன்னது உண்மை, நான் பிழை விட்டிட்டன், என்னை மன்னிச்சுக்கொள்" எண்டு சொன்னன். தகப்பன் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கிறது எங்கட பரம்பரையில இல்லை, என்ர அப்பா செத்தாலும் கேட்டிருக்க மாட்டார். அவன் கன நேரம் பேசாம நிண்டிட்டுச் சொன்னான், "உண்மை சொன்னாலும் அடிதானே அப்பா." கோவமா இல்லை, கணக்குக்கு விடை சொல்லுறமாதிரி.

அவன்ர கணக்குச் சரிதானே. உண்மைக்கும் அடி, பொய்க்கும் அடி, பொய்யெண்டாப் பத்தில ஆறு தரம் தப்பலாம். நான் அவன்ர இடத்தில நிண்டாலும் பொய்யைத்தான் எடுப்பன். தங்கச்சி, பொய்யை நிப்பாட்டிற வழியைத் தேட முதல், உங்கட வீட்டில உண்மைக்கு என்ன விலை எண்டு ஒருக்காப் பாருங்கோ. பல்லு மினுக்கேல்லை எண்டு சொன்னா என்ன நடக்கும், 100 ரூவா எடுத்தனான் எண்டு சொன்னா என்ன நடக்கும். அதை எழுதிப் பாத்தா அவன் ஏன் தங்கச்சியைக் காட்டினவன் எண்டு விளங்கும்.

13.09.2024, காலை 6.00

ராத்திரி எழுதினதில ஒண்டு விட்டுப்போச்சு. அந்தச் சின்னப் பிள்ளையின்ர விசயத்தை முதல்ல சரிப்பண்ணுங்கோ. மகன் கேக்கத்தக்கதா, மகளைத் தூக்கி வைச்சுக்கொண்டு, "நீ எடுக்கேல்லை எண்டு அம்மாக்குத் தெரியும்" எண்டு சொல்லுங்கோ. அவனைப் பாத்துச் சொல்லாதேங்கோ. பிறகு ரெண்டு பேருக்கும் பொதுவா, "100 ரூவா குறையுது, சாமித்தட்டில நாளைப் பின்னேரத்துக்கிடையில வந்தாக் காணும், ஆர் எண்டு கேக்கமாட்டன்" எண்டு சொல்லீட்டு விடுங்கோ. சொன்ன சொல்லுக்கு நிண்டு, ஆர் எண்டு கேக்காமலே இருங்கோ.

20.09.2024, இரவு 9.30

மகளின்ர அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை 15ஆந் திகதி முடிஞ்சது, அதுதான் இந்தப் பக்கம் வரேல்லை. இப்பப் பாத்தா முதலாம் பேப்பரில சில கேள்வியள் முன்னமே வெளியால வந்திட்டுதெண்டு நாடு முழுக்கக் கதை. மகள் கேக்கிறாள், "அப்ப பெரியாக்களும் அளாப்புறவையோ அப்பா?" ஓம் எண்டு சொன்னன். வேற என்ன சொல்லுறது, இவ்வளவும் எழுதிப்போட்டு.

தங்கச்சி எழுதியிருக்கிறா, சாமித்தட்டில 40 ரூவா வந்ததாம், மிச்சம் இல்லையாம், சந்தோசப்படுறதோ கவலைப்படுறதோ எண்டு தெரியேல்லையாம். சந்தோசப்படுங்கோ! மிச்ச 60 வயித்துக்குள்ள போயிருக்கும், அதை எப்பிடித் திருப்பி வைக்கிறது. "40 ரூவா வந்திருக்கு, நல்லது" எண்டு மட்டும் சொல்லுங்கோ.

29.09.2024, மாலை 5.15

மெத்தைக்குக் கீழ கிடந்த கொப்பியைத் திறந்து பாக்கச் சொன்னனான், இண்டைக்குத்தான் பாத்ததா எழுதியிருக்கிறா. கணக்குக் கொப்பி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனை, பாதிப் பக்கம் போட்டில (கரும்பலகையில) இருந்து பாத்து எழுதினது முடியாமலே நிக்குதாம். தங்கச்சி, டொக்ரரிட்ட அவன்ர கண்ணைக் காட்டினனீங்களோ?

கேக்கிறதுக்குக் காரணம் இருக்கு. எங்கட ஆள் "வீட்டுவேலை இல்லை" எண்டு ஒரு தவணை முழுக்கச் சொன்னவன். அரிசி வாளிக் கொப்பி அதுதான். கடைசி வாங்கிலில இருத்தினபடியால் போட்டில எழுதிறது அவனுக்குத் தெரியேல்லை, பக்கத்துப் பெடியன்ர கொப்பியைப் பாத்தாக் கள்ளன் எண்டு பேச்சு, தெரியேல்லை எண்டு சொல்ல வெக்கம், அதோட எல்லாருக்கும் இப்பிடித்தான் தெரியும் எண்டு நினைச்சிருக்கிறான். தூரத்தில இருக்கிறதைப் பாக்க ஒரு கண்ணாடி. கண்ணாடி போட்டு வெளியால வந்து வேப்பமரத்தைப் பாத்திட்டு, "அப்பா இலை இலையாத் தெரியுது" எண்டவன். ஒரு வருசமா நான் கள்ளன் எண்டு பேசின பிள்ளை.

கண்ணாடியோட எல்லாப் பொய்யும் போச்செண்டு நினைக்காதேங்கோ. வீட்டுவேலைப் பொய் மட்டும்தான் போனது, போன் பொய்யும் காசுப் பொய்யும் அப்பிடியே நிண்டது. ஆனா ஒவ்வொரு பொய்யும் ஏதோ ஒண்டை மூடிக்கொண்டு கிடக்கு, மூடியைப் பிடிச்சு அடிக்கிறதை விட என்ன மூடியிருக்கெண்டு பாக்கிறது கெதியா முடியும்.

11.10.2024, இரவு 10.30

"ஓநாய் வருது எண்டு பொய் சொன்ன ஆட்டுக்காரப் பெடியன்ர கதையைச் சொல்லுங்கோ" எண்டு ஒருத்தர். சொல்லிச் சொல்லி வாய் நொந்தது ஐயா. 2014ல இதையும் ஆராய்ஞ்சு பாத்திருக்கினம், அதே காங் லீ ஆக்கள், 3 இருந்து 7 வயசுப் பிள்ளையளுக்கு. ஓநாய்க் கதையும், பொய் சொன்னா மூக்கு நீளுற மரப்பொம்மைக் கதையும் சொல்லிப்போட்டுப் பாத்தாப் பிள்ளையள் முன்னம் மாதிரியேதான் பொய் சொல்லுதுகள். வேலை செய்தது மற்றக் கதை, அமெரிக்காவின்ர முதல் ஜனாதிபதி வாஷிங்டன் சின்னனில செரி மரத்தை வெட்டிப்போட்டு நான்தான் வெட்டினது எண்டு சொல்ல, தகப்பன் சந்தோசப்பட்ட கதை. அந்தக் கதையின்ர முடிவைப் பயம் காட்டிறமாதிரி மாத்தினா அதுவும் வேலை செய்யேல்லையாம். செரி மரக் கதையே வாஷிங்டன் செத்த பிறகு ஒருத்தர் கட்டிவிட்டது எண்டு சொல்லுவினம். ஆனா பிள்ளைக்குத் தேவைப்பட்டது அதுக்குள்ள இருந்தது, உண்மை சொன்ன பிள்ளையைத் தகப்பன் கட்டிப்பிடிக்கிற இடம்.

இதை அம்மாக்குச் சொன்னன். அவ சொன்னா, "எங்களுக்கு அரிச்சந்திரன் காணும்." அம்மா சின்னப்பிள்ளையா இருக்கேக்க காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின்ர மயான காண்டம் நாடகத்தை விடிய விடியப் பாத்தவ, இப்பவும் அந்தச் சுடலைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பிட்டு அவிப்பா. அரிச்சந்திரன்ர நாடகத்தைத்தான் காந்தியும் சின்னனில பாத்து அழுதவர், தானும் அப்பிடி இருக்கவேணும் எண்டு நினைச்சவர். அந்தக் காந்தியும் 15 வயசில அண்ணன்ர தங்கக் காப்பில ஒரு துண்டைக் களவெடுத்தார் எண்டு சொன்னாப் பிறகுதான் அம்மா பிட்டுக்குழலைக் கீழ வைச்சா.

அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எங்கட வீட்டுக்குள்ள எடுத்தனான். காந்திக்குத் தகப்பனிட்ட வாயால சொல்ல ஏலேல்லை. ஒரு தாளில எழுதி, தண்டனை தரச் சொல்லியும் கேட்டு, கையில குடுத்தவர். வருத்தமாப் படுத்திருந்த தகப்பன் எழும்பி இருந்து வாசிச்சார், கண்ணீர் விழுந்து தாள் நனைஞ்சது, கிழிச்சுப்போட்டுத் திரும்பப் படுத்திட்டார். ஒரு சொல் பேசேல்லை.

மகனுக்கு நான் சொன்னது இதுதான். வாயால சொல்ல ஏலாட்டி எழுதித் தா. கடையில பழுதாப்போன ஃபொட்டோகொப்பித் தாள் கட்டுக்கட்டாக் கிடக்கு, பின்பக்கம் வெள்ளை. எழுதி லாச்சிக்குள்ள போடு, நான் வாசிச்சிட்டு ஒரு இரவு கழிச்சுத்தான் கதைப்பன். அந்த ஒரு இரவு எனக்கு, அவனுக்கில்லை. முதல் தாள் வர அஞ்சு மாசம் எடுத்தது. "மாமா தந்த காசில கேம் கார்ட் வாங்கினனான்" எண்டு ஒரே வரி.

17.11.2024, பின்னேரம் 4.20

மேல ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார், எங்கட காலத்தில பிள்ளையள் பொய்யே சொல்லாதுகள் எண்டு. ஐயா, கோவிக்காதேங்கோ. நான் பொய் பழகினது எங்கட வீட்டில. சண்டையில இடம்பெயர்ந்து போய் 1996ல வீடு திரும்பி வந்த பிறகு, ஆமிக்காரர் கேட்டா அண்ணா கொழும்பில படிக்கிறார் எண்டு சொல்லு எண்டு அம்மா பத்துத் தரம் சொல்லித் தந்து, நான் சொல்லுற வடிவைப் பாத்து, "முழிக்காமச் சொல்லு" எண்டு திருத்தினவ. அதை நான் இண்டைக்கும் பிழையெண்டு சொல்லமாட்டன், குத்தமில்லாத நன்மை வருமெண்டாப் பொய்யும் மெய்யின்ர இடத்தில நிக்கும் எண்டு வள்ளுவரே விட்டுக்குடுத்தவர். அந்தப் பொய் ஒரு உயிரைக் காத்தது.

ஆனா ஆமிக்குச் சொன்ன பொய்யோட நாங்கள் நிக்கேல்லை. சீட்டுக்காரர் வந்தா "அப்பா இல்லை எண்டு சொல்லு", கல்யாண வீட்டுக்குப் போகாட்டி "பிள்ளைக்குக் காய்ச்சல்", கனடாவில இருந்து மாமி வட்ஸ்அப்பில எடுத்தா "வகுப்பில மூண்டாம் பிள்ளை எண்டு சொல்லடா". இவன் மூண்டாம் பிள்ளை இல்லை. மாமி காசு அனுப்புறவ, எங்களுக்கு வெக்கம். போனைக் கையில குடுத்து, பின்னால நிண்டு கண்ணைக் காட்டி, அந்தப் பொய்யை நான்தான் சொல்ல வைச்சனான். அதே கிழமை ரிப்போட்டில 58ஐ 88 ஆக்கினதுக்கு அடிச்சவனும் நான்தான். மாமிக்கு நான் செய்ததை எனக்கு அவன் செய்தவன்.

கடையிலயும் கண்டிருக்கிறன், ரிப்போட்டைக் கொண்டுவந்து "அண்ணை இந்த இலக்கத்தை மாத்தி ஸ்கான் பண்ணித் தருவியளோ" எண்டு கேக்கிற பிள்ளையள். முந்திப் பேசித் துரத்திறனான். இப்ப "வீட்டில என்ன நடக்கும்" எண்டு கேப்பன். கனபேர் அந்த இடத்தில அழுதிடுங்கள்.

18.11.2024, காலை 6.25

12 வயசு மகளைப் பற்றி எழுதின தாய்க்கு. நான் மேல சொன்னது ஒண்டும் உங்களுக்குப் பொருந்தாது. இவ்வளவு காலமும் உண்மையா இருந்த பிள்ளை திடீரெண்டு எங்க போறன் எண்டதை மறைக்குது, ஒரு ஆளின்ர பேரைச் சொன்னா முகம் மாறுது, நித்திரையில எழும்பி அழுது எண்டா, அது பொய்ப் பழக்கம் இல்லை, ஆரோ வெருட்டி வைச்சிருக்கலாம். குறுக்கு விசாரணை செய்யாதேங்கோ, பக்கத்தில இருங்கோ, "என்ன நடந்திருந்தாலும் உன்னில பிழை இல்லை" எண்டு சொல்லுங்கோ. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929 எண்ட போன் இலக்கத்துக்கு இண்டைக்கே எடுங்கோ. மனசு சம்பந்தமாக் கதைக்க 1926 இருக்கு, யாழ் போதனா வைத்தியசாலையில உளநலப் பிரிவும் இருக்கு. சனம் என்ன சொல்லும் எண்டு யோசிச்சு நாளைக் கடத்தாதேங்கோ.

மற்ற ஆக்களுக்கும், பொய்யோட களவு, வீட்டை விட்டு ஓடுறது, மிருகங்களை வதைக்கிறது எல்லாம் சேந்து வந்தா வீட்டு வைத்தியம் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ.

02.01.2025, இரவு 9.10

புலமைப்பரிசில் வழக்கில முந்தநாள் 31ஆந் திகதி உயர் நீதிமன்றம் சொல்லீட்டுது, வெளியால போன மூண்டு கேள்விக்கும் எல்லாப் பிள்ளையளுக்கும் முழுப் புள்ளி எண்டு. மகளுக்குச் சொன்னன். "எனக்குச் சும்மா மாக்ஸ் வேண்டாம், நான் மூண்டில ரெண்டு சரியாச் செய்தனான்" எண்டு ரெண்டு நாளா முகத்தை நீட்டிக்கொண்டு திரியிறாள்.

மகன்ர கதை ஒண்டு. நத்தாருக்கு முதல் கிழமை லாச்சியில 500 ரூவா குறைஞ்சது. அவன்தான், ஏனெண்டா அண்டைக்கு அவன்தான் ஒரு மணித்தியாலம் கடையில நிண்டவன். முந்தின நானெண்டா அண்டைக்கு இரவே "லாச்சியில கை வைச்சியோ" எண்டு கேட்டிருப்பன், அவன் இல்லையெண்டிருப்பான், பிறகு எல்லாம் தெரிஞ்ச கூத்துத்தான். வாய் வரைக்கும் வந்தது. சாப்பிடேக்க வந்தது, சைக்கிளுக்குக் காத்தடிக்கேக்க வந்தது. மனிசிக்குக்கூடச் சொல்லேல்லை. மூண்டு நாள். மூண்டாம் நாள் பின்னேரம் மெசினுக்குத் தாள் எடுக்க லாச்சியைத் திறக்கிறன், ஆற்றையோ வினாத்தாளின்ர பின்பக்கம் மடிச்சுக் கிடக்கு. "500 எடுத்தனான். கிரிக்கெட் ரீமுக்குக் காசு கட்டவேணும், கேட்டா வேண்டாம் எண்டுவியள் எண்டு நினைச்சன். சனிக்கிழமை கடையில நிண்டு கழிக்கிறன்."

ஒரு இரவு கழிச்சுத்தான் கதைச்சன். கேட்டிருந்தா வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன், அதை அவனிட்ட ஒத்துக்கொண்டன். சனிக்கிழமை எட்டு மணிக்கு வந்து நிண்டான், பின்னேரம் வரை ஸ்ரேப்பிள் அடிச்சான், எத்தினை ரூவாய்க்கு வேலை செய்தான் எண்டு அவனே கணக்கு எழுதினான். 350 வந்தது. 150 இன்னும் நிக்குது எண்டு கீழ கோடு போட்டு வைச்சிருக்கிறான்.

தங்கச்சி, கண் டொக்ரரிட்டப் போனனீங்களோ? எழுதுங்கோ.